வலது கண்ணா, இடது கண்ணா? 200 வருஷத்துக்கு முன்னாடியே குறிச்சு வெச்ச தஞ்சாவூர் ராஜா!

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கீங்களா? திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் போற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தா, பாறையை யாரோ அள்ளிக் கொட்டின மாதிரி மலைகள் வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூணு மலையையும் சேர்த்து வளைச்சுக் கட்டின மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும், ரீல்ஸ் எடுக்க வர்ற கூட்டம் இன்னும் கூடிடுச்சு. மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்ற பெயரில் மொத்தம் 12 கோட்டைகள். அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கு. தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒண்ணுதான்.

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கம் உங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் இருந்தா, அதில் ஒருத்தராவது சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலையில் இருப்பாங்க. பி.எஸ்சி முடிச்சதும் ஒரு கோர்ஸ், ஒரு சர்ட்டிஃபிகேட் எக்ஸாம், அப்புறம் ஓ.எம்.ஆரில் ஓர் ஆபீஸ். அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதிய குறிப்பைப் படிச்சு, நோய்க்கு ஒரு கோடு, செஞ்ச சிகிச்சைக்கு ஒரு கோடு போடணும். அந்தக் கோடு சரியா இருந்தாத்தான் அங்கே இன்ஷூரன்ஸ் பணம் வரும்.

செஞ்சிக் கோட்டைக்கும் கண் ஆஸ்பத்திரி பில்லுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? இருக்கு. நடுவில் ஒரு ராஜா இருக்கார். அவர் கதையைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

ஒரு எழுத்து மாறினா என்ன ஆகும்?

முதலில் அந்த வேலையைக் கொஞ்சம் புரிஞ்சுக்குவோம். வயசானவங்களுக்கு வர்ற கண்புரைக்கு ஹெச் 25 வரிசையில் கோடு இருக்கு. லென்ஸின் நடுப்பகுதி பழுத்து மங்கிப் போற வகைன்னா ஹெச் 25.1. அமெரிக்காவில் பயன்படுத்துற பட்டியலில் அதோட இன்னோர் எண் சேரும். வலது கண்ணுன்னா 1, இடது கண்ணுன்னா 2, ரெண்டு கண்ணுன்னா 3. அதாவது ஹெச் 25.11 என்றால் வலது, ஹெச் 25.12 என்றால் இடது. புரையை எடுத்துட்டு லென்ஸ் வைக்கிற வழக்கமான ஆபரேஷனுக்கு 66984 என்று தனியா ஒரு எண். அதுக்குப் பக்கத்திலும் எந்தக் கண் என்று ஒரு குறி போடணும்.

இப்போ நோய்க் கோடு இடது கண்ணைச் சொல்லுது, ஆபரேஷன் கோடு வலது கண்ணைச் சொல்லுதுன்னு வெச்சுக்கோங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் அதை அப்படியே திருப்பி அனுப்பிடும். கோடிங் பசங்க பாஷையில் அதுக்குப் பேர் டினையல். டாக்டர் ஆபரேஷன் செஞ்சது உண்மை. பாட்டிக்குப் பார்வை வந்ததும் உண்மை. ஆனா, காகிதத்தில் ஓர் எண் தப்பு. பணம் நின்னுடும். சில நேரம் அந்த பில் நோயாளி வீட்டுக்கே போயிடும்.

எழுதி வைக்கிறது அவ்வளவு முக்கியம். இதைத் தன் வாழ்க்கையிலேயே அனுபவிச்சவர்தான் நம்ம ஹீரோ. தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜி.

செஞ்சியிலிருந்து தஞ்சாவூருக்கு

1677-ல் சத்ரபதி சிவாஜி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி, அதாவது அப்பாவின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த ஏகோஜி, தஞ்சாவூரைக் கைப்பற்றி அங்கே மராட்டிய ஆட்சியைத் தொடங்கியிருந்தார். அண்ணன் கையில் செஞ்சி, தம்பி கையில் தஞ்சை. ரெண்டு பேரும் போன்ஸ்லே வம்சம்.

சிவாஜிக்குப் பிறகு அவர் மகன் ராஜாராம், முகலாயர்களுக்குத் தப்பி செஞ்சிக்கு வந்து இங்கிருந்தே ஆண்டார். முகலாயப் படை வருடக்கணக்கில் கோட்டையை முற்றுகையிட்டது. 1698-ல் செஞ்சி விழுந்தது. நம்ம ஊர்ல எல்லோருக்கும் தெரிந்த ராஜா தேசிங்கு கதை இதற்கெல்லாம் பின்னாடி, 1714-ல் நடந்தது.

செஞ்சியில் மராட்டியர் கதை அதோடு முடிந்தது. தஞ்சாவூரில் தொடர்ந்தது. சிவாஜி செஞ்சியைப் பிடித்து சரியாக 100 வருடம் கழித்து, 1777 செப்டம்பர் 24-ல், அதே போன்ஸ்லே வம்சத்தின் ஒரு கிளையில் ஒரு குழந்தை பிறந்தது. செஞ்சி விழுந்து சரியாக 100 வருடம் கழித்து, 1798-ல், அந்தக் குழந்தை தஞ்சாவூர் சிம்மாசனத்தில் உட்கார்ந்தது. வரலாறு சில சமயம் இப்படி ரவுண்ட் நம்பரில் விளையாடும்!

ஆனா, அந்த 21 வருஷம் அவருக்கு ஈஸியா போகலை.

செல்லாது என்று சொன்ன ஒரு தீர்ப்பு

தஞ்சை மன்னர் துளஜாஜிக்கு வாரிசு நிலைக்கவில்லை. 1787-ல், சாகும் தறுவாயில், உறவுக்காரப் பையனான சரபோஜியைத் தத்தெடுத்தார். அப்போது பையனுக்கு வயசு 9. தஞ்சாவூரில் இருந்த ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் மேல் மன்னருக்கு ரொம்ப நம்பிக்கை. பையனைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம்தான் கேட்டார். அந்தப் பொறுப்பு தனக்குச் சரிப்படாது என்று நினைத்த ஸ்வார்ட்ஸ், மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் பையனை ஒப்படைக்க யோசனை சொன்னார். பின்னால் அவரே இதற்காக வருத்தப்பட வேண்டி வந்தது.

துளஜாஜி இறந்ததும், அமர்சிங் தனக்கே ராஜ்ஜியம் வேண்டும் என்றார். பண்டிதர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இந்தத் தத்து சாஸ்திரப்படி செல்லாது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கிழக்கிந்தியக் கம்பெனியும் அதை ஏற்றுக்கொண்டது. அமர்சிங் ராஜா ஆனார்.

யோசிச்சுப் பாருங்க. நேத்து வரைக்கும் இளவரசர். ஒரு காகிதத்தில் ஒரு முடிவு எழுதினதும் யாருமே இல்லை. அதன்பின் அந்தப் பையனை அரண்மனைக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள். படிக்க ஆசிரியர் கிடையாது, சுதந்திரமா வெளியே வரவும் வழி கிடையாது. ஸ்வார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. கம்பெனி அதிகாரிகளுக்கு முறையீட்டுக்கு மேல் முறையீடு எழுதினார். 1793-ல் பையனையும், துளஜாஜியின் விதவை ராணிகளையும் பாதுகாப்பாகச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் சரபோஜியின் படிப்பு சரியாகத் தொடங்கியது. டீன் ஏஜின் நடுவில்.

தத்து விஷயமும் மறுபடி விசாரணைக்கு வந்தது. இந்த முறை வேறு பண்டிதர்களிடம் கருத்துக் கேட்டார்கள். தத்து செல்லும் என்று அவர்கள் சொன்னார்கள். அமர்சிங் இறக்கப்பட்டார். 1798-ல் சரபோஜி மன்னர் ஆனார். அவருக்காகப் போராடிய ஸ்வார்ட்ஸ் அதைப் பார்க்க இல்லை. அதே வருடம் பிப்ரவரியில், சில மாதங்களுக்கு முன்பு அவர் இறந்துபோயிருந்தார்.

தன்னை வளர்த்தவருக்காக, லண்டனின் புகழ்பெற்ற சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லி ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்ய வைத்தார் சரபோஜி. கட்டிலில் கிடக்கும் ஸ்வார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கும் சரபோஜி. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா பக்கம் இருக்கும் ஸ்வார்ட்ஸ் சர்ச்சுக்குப் போனா, இன்னிக்கும் அதைப் பார்க்கலாம். சரபோஜி கடைசி வரை இந்துவாகத்தான் இருந்தார். தன் குருவும் கடைசி வரை அவர் மனசில் இருந்தார். ரெண்டுக்கும் நடுவில் அவருக்கு எந்தச் சிக்கலும் வரலை.

ராஜா... ஆனா ராஜ்ஜியம் இல்லை!

சிம்மாசனம் கிடைச்சிடுச்சு, இனி ஹேப்பி எண்டிங்னு நினைச்சா, அங்கேதான் ட்விஸ்ட். 1799 அக்டோபரில் கம்பெனி ஓர் ஒப்பந்தத்தை நீட்டியது. தஞ்சை நாட்டின் நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்கு. வரி வசூல், நீதி எல்லாமே அவர்கள் கையில். மன்னருக்கு வருடம் 1 லட்சம் பகோடா பணம், மீதி நிலவருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. ஆட்சி என்று சொல்ல மிஞ்சியது தஞ்சாவூர்க் கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும்தான். சரபோஜி கையெழுத்துப் போட்டார்.

இதை வைத்து அவரைத் திட்டுகிறவர்கள் இன்னிக்கும் இருக்காங்க. நெப்போலியனை ஆங்கிலேயர் ஜெயித்ததைக் கொண்டாட, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரையில் மனோரா என்று எட்டு அடுக்குக் கோபுரம் கட்டினவரும் இவர்தான். கம்பெனிக்கு இவர் ரொம்பவே வளைந்து கொடுத்தார் என்ற விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனா, படை இல்லை, கஜானா இல்லை, கம்பெனி நினைச்சா அடுத்த நாளே இறக்கிவிடலாம் என்ற நிலைமையில், ஓர் இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு வேற என்ன வழி இருந்ததுன்னும் பார்க்கணும்.

போர் செய்ய வழியில்லாத ராஜா என்ன செய்வார்? பல பேர் வேட்டை, விருந்து, நாட்டியம் என்று காலத்தைக் கழித்தார்கள். சரபோஜிக்கும் இசை, நாட்டியம் எல்லாம் பிடிக்கும். ஆனா, அவர் பெரும்பாலான பணத்தையும் நேரத்தையும் போட்டது வேற இடத்தில். படிப்பு, புத்தகம், மருத்துவம்.

எல்லாத்தையும் எழுதி வை!

அரண்மனையில் ஏற்கெனவே இருந்த சரஸ்வதி மகால் நூலகத்தை அவர் விரித்தார். ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கில் புத்தகங்களை வரவழைத்தார். மருத்துவம், உடற்கூறு, தாவரம், வேதியியல், வானியல் என்று எல்லாமே. பல புத்தகங்களில் அவர் கையெழுத்து இருக்கு. 1820 முதல் 1822 வரை, பெரிய பரிவாரத்தோடு காசிக்கு யாத்திரை போனார். மற்றவர்கள் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்தா, இவர் அதோடு ஓலைச்சுவடிகளையும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

1805 வாக்கில் தேவநாகரி எழுத்துக்களோடு ஓர் அச்சகம் அமைத்தார். நவவித்யா என்ற பெயரில் பாடசாலை நடத்தினார். தன் வம்ச வரலாற்றை மராத்தியில் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் வெட்டி வைத்தார். 1803-ல் வெட்டின அந்தக் கல்வெட்டை அடுத்த முறை பெரிய கோயில் போகும்போது தேடிப் பாருங்க. தத்து செல்லுமா செல்லாதா என்று காகிதத்தில் அடிபட்ட ஒருத்தர், தான் யார் என்பதைக் கல்லிலேயே எழுதி வைத்துவிட்டார்.

அரண்மனை நிர்வாகக் கணக்குகள் மோடி எழுத்தில் எழுதப்பட்டன. மோடி என்பது மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட எழுத்து. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எதற்குச் செலவு செய்தோம் என்று கட்டுக்கட்டாக ஆவணங்கள். இன்னிக்கு அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்ச பேர்தான். இன்னும் படித்து முடிக்காத கட்டுகள் நிறைய இருக்கு.

தன்வந்திரி மகால்

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். சரபோஜி தன்வந்திரி மகால் என்ற மருத்துவ மையத்தை நடத்தினார். மருந்து தயாரிக்கும் இடம், வைத்தியம் பார்க்கும் இடம், ஆராய்ச்சிக்கூடம் என்று மூணும் சேர்ந்தது அது. மனுஷங்களுக்கு மட்டுமில்லை, கால்நடைகளுக்கும் மருந்து உண்டு. சித்தம், ஆயுர்வேதம், யுனானி தெரிந்தவர்களும், ஐரோப்பிய மருத்துவம் தெரிந்தவர்களும் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள். எது பெரியது என்று சண்டை போடுவதற்குப் பதிலா, எது வேலை செய்யுது என்று பார்த்தார்கள்.

பலன் தந்த மருந்துகளைப் புலவர்களிடம் கொடுத்துத் தமிழ்ச் செய்யுளாக எழுத வைத்தார் சரபோஜி. சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் அவற்றைச் சரஸ்வதி மகால் பின்னாளில் நோய்வாரியாகப் பிரித்து அச்சிட்டது. அதில் கண் நோய்க்கு மட்டுமே ஒரு தனிப் பகுதி இருக்கு. நயனரோக சிகிச்சை என்று பெயர். நோய்வாரியாகப் பிரித்து வைக்கிறது என்பது கோடிங்கின் முதல் படி என்று உங்க கோடிங் ஃப்ரெண்ட் உடனே சொல்லிடுவாங்க.

இங்கிலாந்திலிருந்து எலும்புக்கூட்டு மாதிரி, அறுவைக் கருவிகள், காற்றை உறிஞ்சும் பம்ப், மின்சாரம் உண்டாக்கும் இயந்திரம் என்று வரவழைத்து வைத்திருந்தார். 1826-ல் தஞ்சாவூர் வந்த கல்கத்தா பிஷப் ஹீபர், இவரைச் சந்தித்து அசந்துபோனார்.

கண்ணுக்கு ஒரு படம், நோயாளிக்கு ஒரு குறிப்பு

சரபோஜிக்குக் கண் சிகிச்சையில் தனி ஈடுபாடு. அந்தக் காலத்தில் கண்புரைக்கு ரெண்டு வழி. ஒண்ணு, சுஸ்ருதர் காலத்திலிருந்து வந்த பழைய முறை. ஊசியால் மங்கிய லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது. வெளிச்சம் உள்ளே போகும். ஆனா, கண் கெட்டுப்போகும் ஆபத்தும் அதிகம். இன்னொண்ணு, பிரான்ஸில் ழாக் டேவியேல் 1747-ல் செய்த முறை. கண்ணைக் கீறி, மங்கிய லென்ஸை வெளியே எடுப்பது. மயக்க மருந்து கிடையாது. நோய்க்குக் கிருமி காரணம் என்பது டாக்டர்களுக்கே தெரியாது. லென்ஸ் வைப்பதெல்லாம் இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்த விஷயம். வலியைத் தாங்கிக்கிட்டு, கண்ணை அசைக்காம உட்காரணும். நினைச்சாலே உடம்பு கூசுதில்ல?

அப்படி வந்த நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் இன்னிக்கும் சரஸ்வதி மகாலில் இருக்கு. யாருக்கு, கண்ணில் என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்று குறிப்பு. அதோடு அந்தக் கண்ணின் வண்ணப் படம். கேமரா இல்லாத காலம். ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளை எங்கே படர்ந்திருக்கு, சிவப்பு எங்கே ஓடியிருக்கு என்று பார்த்து வரைந்திருக்கிறார். சென்னையின் கண் மருத்துவர்கள் சிலர் இந்தக் காகிதங்களை எடுத்து வைத்து ஆராய்ந்து, கட்டுரையே எழுதியிருக்காங்க. ஒரு டாக்டர் எழுதின நோட்டை இன்னொரு டாக்டர் படிக்கிற மாதிரி. நடுவில் ரெண்டு நூற்றாண்டு!

சரபோஜியே கத்தியைக் கையில் எடுத்து ஆபரேஷன் செய்தாரா? ஆமாம் என்றுதான் தஞ்சாவூரில் சொல்வார்கள். ஆய்வு செய்த மருத்துவர்களும் அப்படி நம்பலாம் என்றே சொல்கிறார்கள். ஐரோப்பிய டாக்டர் செய்யும்போது அவர் கூட நின்றிருக்கலாம். எப்படி இருந்தாலும், ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. ஒரு ஏழையின் நோயுற்ற கண், அரண்மனை ஓவியர் வரையத் தகுந்த விஷயம் என்று அவர் நினைத்தார். அதுவரை அரண்மனை ஓவியர்கள் பெரும்பாலும் வரைந்தது சாமியையும் ராஜாவையும்தான்.

இதே காலத்தில் சென்னையிலும் வேலை தொடங்கியிருந்தது. 1819-ல் ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் அங்கே கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்னிக்கு நீங்க எழும்பூர் கண் ஆஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான். லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரி தொடங்கி 14 வருஷம்தான் ஆகியிருந்தது. கண் மருத்துவத்தில் நம்ம ஊர் உலகத்தோடு சேர்ந்தே நடந்திருக்கு.

பில் யார் கட்டினது?

கோடிங் இருந்தா பில்லிங்கும் இருக்கணுமே? அங்கேதான் சரபோஜி வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது.

தஞ்சை மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் பாதை நெடுக சத்திரங்கள் கட்டியிருந்தார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி 1802-ல் கட்டினது முக்தாம்பாள் சத்திரம். தான் நேசித்த பெண்ணின் பெயரை அதற்கு வைத்தார். இந்தச் சத்திரங்களுக்கென்று நிலங்கள் விடப்பட்டிருந்தன. அதில் வரும் வருமானத்தில்தான் எல்லாம் நடந்தது.

நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனதும் ஒரு பயம் வந்தது. இந்த நிலங்களையும் எடுத்துக்கொண்டால் சத்திரங்களின் கதி? 1801-ல் கம்பெனியின் பிரதிநிதியாகத் தஞ்சாவூரில் இருந்த பெஞ்சமின் டோரினுக்கு சரபோஜி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் உணர்ச்சி வசனம் கொஞ்சம்தான். பெரும்பாலும் பட்டியல். வழிப்போக்கருக்கு ஜாதி பார்க்காமல் சாப்பாடு. நோயோடு வருகிறவர்களுக்கு வைத்தியரும் மருந்தும் பத்தியச் சாப்பாடும். கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் வரை கவனிப்பு. அப்பா அம்மா இல்லாத குழந்தைகளுக்குப் பாலும் படிப்பும். வழியில் இறந்துபோகிறவர்களுக்கு அவரவர் முறைப்படி இறுதிக்காரியம். இதெல்லாம் இந்தப் பணத்தில்தான் நடக்கிறது, இதை நான் இழந்தால் எனக்கு மரியாதையே இல்லை என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

இன்னிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நீங்க அனுப்புற அப்பீல் லெட்டரும் இதுதானே? என்ன நோய், என்ன சேவை, என்ன செலவு, ஏன் நிறுத்தக்கூடாது. சரபோஜி தன் அதிகாரத்துக்காகச் சண்டை போட்டு ஜெயிக்கலை. ஆனா இந்தச் சண்டையில் ஜெயித்தார். சத்திரங்கள் அவர் நிர்வாகத்திலேயே தொடர்ந்தன.

படையை வைத்து அவரால் காப்பாற்ற முடியாததை, எழுதி வைத்துக் காப்பாற்றினார்.

கோடு எங்கிருந்து வந்தது?

1832 மார்ச் 7-ல் சரபோஜி இறந்தார். வயசு 54. அவர் மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், மிஞ்சியிருந்த தஞ்சாவூர்க் கோட்டையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. சிம்மாசனம், பட்டம் எல்லாம் போச்சு. மிஞ்சியது காகிதமும் ஓலையும்தான்.

அதுவும் அழிந்திருக்கலாம். பர்னல் என்ற ஆங்கிலேய நீதிபதி, சரஸ்வதி மகால் சமஸ்கிருதச் சுவடிகளை ஒவ்வொண்ணாகப் பார்த்துப் பட்டியல் போட்டு 1880-ல் அச்சிட்டார். பட்டியல் வந்ததும்தான் உள்ளே என்ன இருக்கு என்று உலகத்துக்குத் தெரிந்தது. 1918-ல் நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஐரோப்பாவிலும் வேறொரு பட்டியல் உருவானது. இங்கிலாந்தில் வில்லியம் ஃபார், மக்கள் எந்த நோயால் இறக்கிறார்கள் என்று வகைப்படுத்தத் தொடங்கினார். பிரான்ஸின் பெர்ட்டிலான் 1893-ல் உலகம் முழுக்கப் பயன்படுத்தக்கூடிய இறப்புக் காரணப் பட்டியலைத் தந்தார். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு, இறப்போடு நோய்களையும் சேர்த்தது. அதன் பத்தாவது பதிப்புதான், 2015 அக்டோபர் முதல் அமெரிக்க பில்லிங்கில் வந்து, ஓ.எம்.ஆர் கேப்களை ராத்திரியும் ஓட வைக்கிறது. 2022-லிருந்து பதினொன்றாவது பதிப்பு நடைமுறைக்கு வந்துடுச்சு. நாடுகள் ஒவ்வொண்ணா மாறிக்கிட்டிருக்கு.

சரபோஜி கோடு எதுவும் கண்டுபிடிக்கலை. அதை அவர் கணக்கில் சேர்த்தா அது தப்பான பில். ஆனா, கோடு போடணும்னா முதலில் யாராவது உட்கார்ந்து, இந்த ஆளுக்கு, இந்தக் கண்ணில், இது இருந்தது, இது செய்தோம் என்று எழுதணும். டாக்டர் எழுதாததைக் கோடு போடக் கூடாது என்பதுதான் கோடிங் வகுப்பில் முதல் நாள் சொல்லித் தர்ற பாடம். அந்த எழுதுற வேலையைத்தான் தஞ்சாவூரில் செய்தார்கள்.

உங்களுக்கு இதிலிருந்து என்ன?

மூணு சின்ன விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன்.

ஒண்ணு, உங்க வீட்டு தாத்தா பாட்டிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தா, டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பத்திரமா வைங்க. எந்தக் கண், என்ன தேதி, என்ன லென்ஸ் என்று அதில் இருக்கணும். லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டின அட்டை கொடுத்தா அதையும். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அடுத்த கண்ணுக்குப் போகும்போதும், காப்பீட்டுக்குப் போகும்போதும் அதுதான் பேசும்.

ரெண்டு, பில்லைக் கையில் வாங்கினதும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீங்க. நோயின் பேர், கண்ணின் பக்கம், சிகிச்சையின் பேர் மூணும் ஒண்ணோடு ஒண்ணு பொருந்துதா பாருங்க. பொருந்தலைன்னா கவுன்டரிலேயே கேளுங்க. அப்புறம் திருத்துறது ரொம்பக் கஷ்டம்.

மூணு, நீங்களே கோடிங் வேலையில் இருந்தா. நாளுக்கு இத்தனை சார்ட் முடிக்கணும்னு டார்கெட் ஓடும்போது, ஹெச் 25.11-க்குப் பின்னாடி ஓர் ஆள் இருக்கார் என்பது மறந்துதான் போகும். அது உங்க தப்பு இல்லை. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது செஞ்சி மலையேறிப் பாருங்க. அப்படியே ஒரு நாள் தஞ்சாவூர் போய், அரண்மனைக்குள் இருக்கும் சரஸ்வதி மகால் மியூசியத்துக்குள் நுழைஞ்சு பாருங்க.

அந்த வம்சம் கோட்டைக்காக எட்டு வருஷம் சண்டை போட்டது. கோட்டை கைமாறிடுச்சு. அதே வம்சத்தில் வந்த ஒருத்தர், யாரோ ஒருத்தருடைய மங்கலான கண்ணை ஒரு காகிதத்தில் வரைந்து வைக்கச் சொன்னார். அது இன்னும் இருக்கு.

அந்த ஆளுடைய பில்லை இப்போ யாரும் தேடப் போறதில்லை. ஆனா, அவர் கண்ணை நாம இன்னிக்கும் பார்க்க முடியுது.